தடி திரும்பி வரவில்லை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்கள் என் ஞாபகத்திலிருந்து வந்தவை அல்ல. ஏழாங்கட்டை கேட் குடிசையில் இருந்த பதிவேடு இப்போது என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதன் கடைசி வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆறு வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா வேலாயுதம் 1963 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.12க்கு இறந்தார். விபத்து என்று விசாரணையில் எழுதினார்கள். நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

அது விபத்து இல்லை.

புக்கிட் தீமா ரோட்டில், ஏழாங்கட்டை என்று நாங்கள் சொல்லும் ஏழாவது மைலுக்குப் பக்கத்தில், ஒரு கல் குவாரி இருந்தது. மலையிலிருந்து கருங்கல்லை ரோட்டுக்கு இறக்க ஒரு மைல் நீளத்துக்குச் சின்ன ரயில் பாதை போட்டிருந்தார்கள். குவாரியை மூடிய பிறகு அந்தத் தண்டவாளம் லாலாங் புல்லுக்குள் மறைந்து கிடந்தது. 1961இல் ரயில் பைத்தியம் பிடித்த சிலர் ஒன்றுசேர்ந்து அதைத் தோண்டி எடுத்தார்கள். துருப்பிடித்த நீராவி இன்ஜின் ஒன்றைப் பழுதுபார்த்து, திறந்த பெட்டிகள் இரண்டை அதன் பின்னால் மாட்டினார்கள். ஞாயிறுதோறும் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், குவாரிக் குளத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். என் கணவர் தனசேகரன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஃபிட்டர். அந்த இன்ஜினை ஓட்டியவர் அவர்தான்.

ஒரு மைல் ரயிலில் என்ன இருக்கிறது என்று முதலில் நானும் சிரித்தேன். ஒருமுறை ஏறியபிறகு சிரிக்கவில்லை. பெரிய ரயிலில் ஏறினால் யாரையாவது விட்டுவிட்டுப் போகவேண்டும். பிளாட்பாரத்தில் யாராவது கையசைத்துக்கொண்டே சிறிதாகிப் போவார்கள். இதில் அப்படி யாரும் இல்லை. ஏறிய இடத்திலேயே இறங்குகிறோம். கரியும் எண்ணெயும் கலந்த வாசனை, முகத்தில் நீராவியின் வெதுவெதுப்பு, மரங்களுக்கு நடுவே ஒரு திருப்பம், குளம், பிறகு வீடு. பிரிவு இல்லாத பயணம். தேக்காவில் எங்கள் இரண்டு அறை வீட்டிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நான் அங்கே போய்விடுவேன்.

பாதையின் நடுவில் ஒரு கேட் இருந்தது. கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்துக் கிராமத்து மக்கள் நடந்து போகும் மண்பாதை அங்கே தண்டவாளத்தைக் கடந்தது. கேட்டுக்கு மேலே ஏற்றம். அந்த அரை மைலுக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. ஒரு தடி இருக்கும். ஒன்றரை அடி நீளம், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், மாட்டுவதற்கு ஒரு வளையம். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். அந்தத் தடி கையில் இல்லாமல் எந்த வண்டியும் கேட்டுக்கு மேலே போகக்கூடாது, மேலேயிருந்து கீழே வரவும் கூடாது. தடி கேட்டில் தொங்கினால் மேலே எதுவும் ஓடவில்லை என்று அர்த்தம். தண்டவாளத்தில் படுத்துத் தூங்கலாம் என்பார் என் கணவர்.

குவாரி ஓடிய காலத்தில் அந்தத் தடியைக் காத்தவள் முத்தாயி என்ற ஒரு பெண். 1951இல் கேட் முன்னாலேயே கல்வண்டி ஏறிச் செத்தாள். அப்போது அங்கே மண்டோராக இருந்து முப்பது பேரை வேலை வாங்கியவர் என் அப்பா. விசாரணையில் சாட்சி சொன்னவரும் அவர்தான். நாங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை இவ்வளவுதான்: "தடிய எடுத்துக் குடுத்துட்டு, மறந்துபோய்த் தண்டவாளத்துல நின்னுருக்கா. கவனக்குறைவு."

அந்த வார்த்தையை அப்பா சொல்லும்போது அவர் குரல் ஏறாது, இறங்காது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். 1954இல் அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, விளக்கு வைத்தபிறகு ஒன்று. மறுநாள் அம்மா இல்லை. வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதே குரலில் சொன்னார். "இவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." சித்திகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வாய் திறந்தேன். யார் கேட்டார்கள்?

அவர் எங்களோடுதான் இருந்தார். சோறு போட்டேன், துணி துவைத்தேன். ரயில் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். அவர் பயப்படுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க ஆசையாக இருந்தது. அதனால்தான் அன்று அவரை அழைத்துப் போனேன். காற்று மாறட்டும் என்று சொன்னது பொய்.

அன்று காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. கடைசி வண்டி கேட்டில் வந்து நின்றபோது மணி 5.41. கேட்டைப் பார்த்துக்கொண்ட நூர்தீன், துறைமுகத்தில் என் கணவரோடு வேலை செய்தவர், தடியோடு வந்தார்.

"கேட்டுக்கு மேல நான் வரல," என்றார் அப்பா.

"பெரியவரே, இது ஒரு மைல் ரயிலு லா. தும்முறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

"வரலன்னா வரல."

இறங்கிவிட்டார். தனியாக விட முடியாது. நானும் இறங்கினேன். தண்டவாளம் ஈரம் என்பதால் பின்பெட்டி பிரேக்கைப் பிடிக்க நூர்தீன் ஏறிக்கொண்டார்.

அப்பா குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் தடி மாட்டும் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். தலை மழுங்கிய, கட்டைவிரல் பருமனுள்ள ஆணி.

"இந்தக் குடிசை எப்பக் கட்டுனது?"

"போன வருஷம்ப்பா. பழசு இடிஞ்சு போச்சாம்."

"அப்ப இந்த ஆணி? இது பழைய ஆணியாச்சே?"

வெளியே வந்தோம். தண்டவாளம் மண்பாதையைக் கடக்கும் இடம் பளிச்சென்று இருந்தது. ஒரு சருகு இல்லை, ஒரு சரளைக்கல் இல்லை. வழக்கமாக அப்படித்தான் இருக்கும். நூர்தீன் கூட்டுகிறார் என்று என் கணவர் நினைத்திருந்தார். என் கணவர் கூட்டுகிறார் என்று நூர்தீன் நினைத்திருந்தார். இது எங்களுக்குத் தெரிந்தது பிறகுதான்.

6.01க்கு வண்டி இறங்கி வந்தது. முந்தைய நடையில் மேலே போயிருந்த சாரணர் கூட்டம் ஒன்று இரண்டு பெட்டியையும் அடைத்துக்கொண்டிருந்தது. நிற்கக்கூட இடமில்லை.

"பாக்கியம், இவங்கள இறக்கிட்டுப் பத்து நிமிஷத்துல வரேன். மாமாவ மழையில நிக்க விடாத," என்றார் என் கணவர்.

நூர்தீன் தடியை என்னிடம் கொடுத்து, பதிவேட்டில் நேரம் எழுதிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். "அக்கா, ஆணியில மாட்டிடுங்க. யாரு வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க!"

"இங்க யாரு வருவா?"

"குரங்கு வரும் லா!"

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜின் விசில் கொடுத்தது. சத்தம் மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. தடியை ஆணியில் மாட்டினேன். பதிவேட்டை மூடி வைத்தேன். நான் அதில் எதுவும் எழுதவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வெளியே பெஞ்சில், குடிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் அது கேட்டது.

சரக்... சரக்... சரக்...

ஈர்க்குமாறு. ஈரத் தரையில் கூட்டினால் சத்தம் மந்தமாகத்தான் வரும். இது காய்ந்த தரையில் கூட்டுகிற சத்தம்.

"யாரு கூட்டுறா?" என்றார் அப்பா. திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியலப்பா."

"போய்ப் பாக்காத."

சத்தம் நின்றது.

குடிசையின் பின்வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிய சேலை. தலையில் துண்டு. கம்பத்திலிருந்து கூட்ட வருகிறவள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அரை நிமிடம் இருக்கலாம்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் நனையவில்லை. துண்டிலும் புருவத்திலும் கல்தூசி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

வலது கையை நீட்டினாள். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தன.

"தடியக் குடும்மா."

நான் ஆணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"மேல வண்டி நிக்குது. தடி இல்லாம எறங்கக்கூடாது."

மேலே நின்றது ஒரே ஒரு பழைய கல்வண்டி. வேடிக்கைக்காக வைத்தது. சக்கரம் இறுகிப்போனது. கடப்பாரை போட்டு மூன்று பேர் தள்ளியும் நகராதது. சங்கிலி சுற்றிப் பூட்டும் போட்டிருந்தார்கள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"நான் குடுக்கல."

மறுபடியும்.

"நான் குடுக்கலம்மா. கேளுங்க... நான் குடுக்கல."

அந்தக் குரலை நான் வெளியே கேட்டதில்லை. எனக்குள்ளே கேட்டிருக்கிறேன். ஒன்பது வருடமாக. "நான் சொன்னேன்... நான் சொன்னேன்..." என்று, அதே இழுப்பில், அதே களைப்பில்.

நூர்தீன் சொன்னது நினைவுக்கு வந்தது. நன்றாகவே வந்தது.

ஆணியிலிருந்து தடியை எடுத்தேன். அவள் கையில் வைத்தேன். கோணல் விரல்கள் அதைச் சுற்றி மூடின. எலும்பு நெரியும் சத்தம் கேட்டது... கிர்... கிர்... நான்கு முறை.

அவள் பின்வாசல் வழியாகப் போனாள். தண்டவாளத்தோடு, மேல்பக்கமாக.

அப்பா உள்ளே வந்தார். ஆணியைப் பார்த்தார்.

"தடி எங்க?"

"அந்தம்மா வாங்கிட்டுப் போனாங்க."

"எந்தம்மா?"

சொல்லத் தேவைப்படவில்லை. அவர் முகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டது இருந்தது. முழுதாக இருந்தது.

வெளியே ஓடினார். கேட்டுக்கு நடுவில், அந்தச் சுத்தமான இடத்தில், தண்டவாளத்தின் மேல் நின்று மேலே பார்த்தார். நான் பின்னாலேயே போனேன். ஐந்தடியில் நின்றேன்.

மேலேயிருந்து ஒரு சத்தம்.

க்ரீ...ச்.

பிறகு உருளும் சத்தம். இன்ஜின் இல்லை. புகை இல்லை. விசில் இல்லை. இரும்பு மட்டும்.

கடக்... கடக்... கடக்...

"அப்பா, நகருங்க!"

அவர் நகர முயன்றார். கால் நகர்ந்தது. கை நகரவில்லை.

வலது கை காற்றில் நீண்டிருந்தது. யாரோ விரல்களைப் பிடித்துக்கொண்டது போல.

"விடு... முத்தாயி, விடு..."

கடக் கடக் கடக்.

ஒரு விரல் பின்பக்கமாக மடங்கியது. கத்தினார். இன்னொன்று.

என்னைப் பார்த்தார். என் அப்பா என்னைப் பார்த்துக் கை காட்டினார். இன்னொரு கையால்.

"நான் இல்ல... இவதான்... இவதான் குடுத்தா!"

முத்தாயியைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை.

கடக்கடக்கடக்...

நான் நகரவில்லை.

6.12. கீழே என் கணவர் சத்தம் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்த நேரம் அது.

போலீசிடம் கால் மரத்துப்போனது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மரத்ததா, மரக்க விட்டேனா என்று அவர்கள் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலே போய்ப் பார்த்தார்கள். சங்கிலி அறுபடவில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. சங்கிலி கம்பத்தைச் சுற்றி, உள்ளே வண்டி இல்லாமல், வளையமாகக் கிடந்தது. தடியைக் குளக்கரை வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. வண்டி ஏறியது காலிலும் இடுப்பிலும். வலது கையின் நான்கு விரல்கள் ஏன் ஒடிந்திருந்தன என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள். போலீசிலிருந்து திரும்பி வந்த பதிவேட்டை என் கணவர் பெட்டிக்கு அடியில் வைத்தார். நான் திறக்கவில்லை.

1966இல் நான் படிப்பித்த பள்ளிக்கு ஒரு ஆயா மாற்றலாகி வந்தாள். பூவம்மா என்று பெயர். முப்பது வயது. ஒரு நாள் மதியம் ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தபோது வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க மண்டோர் வேலாயுதம் மகளா?"

"ஆமா."

"எங்கம்மா கேட்டுல இருந்தாங்க. முத்தாயி."

என் கையிலிருந்த சுண்ணக்கட்டி ஒடிந்தது.

"சண்ட போட வரல டீச்சர். ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மாவக் குளிப்பாட்டுனது நான்தான். பதினஞ்சு வயசு. வண்டி ஏறுனது நெஞ்சுல. ஆனா வலது கை வெரலு நாலும் ஒடிஞ்சிருந்துச்சு. பின்பக்கமா."

அவள் தன் விரலைத் திருப்பிக் காட்டினாள்.

"தடி கையில இருந்தா வண்டி வராதுன்னுதானே நின்னுருக்காங்க? செத்தும் விடாமப் புடிச்சிருக்காங்க. யாரோ ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்திருக்காங்க. தடி வண்டிக்காரன்கிட்ட இருந்துச்சுன்னு ஒங்கப்பா சாட்சி சொன்னாரு."

"தெரியும்," என்றேன். அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

சுருக்குப்பையிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்தாள். 1948இல் எல்லோருக்கும் கொடுத்தார்களே, அது. மங்கிய படம். அந்த முகம். பக்கத்தில் வலது கட்டைவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

"கல்லு சில்லு பட்ட தழும்பு," என்றாள் பூவம்மா.

அன்று மாலை பெட்டிக்கு அடியிலிருந்து பதிவேட்டை எடுத்தேன்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம். நேரம். தடியைக் கொடுத்தவர். பெற்றுக்கொண்டவர். எல்லாம் நூர்தீனின் இங்கிலீஷ் எழுத்து. 6.01 வரைக்கும்.

அதற்குக் கீழே ஒரு வரி. அது மட்டும் தமிழில். நேரம் 6.08.

பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் பெயர் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே சாய்வாக வெள்ளைக் கோடு. தமிழ் படிக்கத் தெரியாத போலீசார் அதை மழைக்கறை என்று நினைத்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டேன். போகவில்லை.

கொடுத்தவர் கட்டத்தில் என் பெயர். வே. பாக்கியலட்சுமி. கரும்பலகையில் எழுதி எழுதி எனக்குப் பழகிப்போன அதே 'க்', அதே 'ட்'. கீழே, கட்டத்தைத் தாண்டி, இன்னும் மூன்று சொற்கள். அவையும் என் கையெழுத்துதான்.

"கேட்டாள். தெரிந்தே கொடுத்தேன்."